இசைத்தட்டுக்குப் பாடாத இசைமேதை
காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை



இப்போதெல்லாம் பாட்டுக் கேட்பது எவ்வளவு சுலபமாகிவிட்டது பார்த்தீர்களா? அப்பாவின் செல்போனை எடுத்து விரலால் தொட்டால் போதும், பாட்டு வந்துவிடுகிறது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாமல் கேட்கலாம். இன்னும் சில இசைப் பிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கே பல லட்சம் ரூபாய் கொடுப்பார்கள். அந்த ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்து கேட்டால், பாடகர் மூச்சு இழுப்பதும் தம்புரா நாதம் மெல்ல மெல்லக் கரைவதும்கூடத் தெளிவாகக் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டால் பாடுபவர் எதிரே இருப்பது போலவே தோன்றும்.

ஆனால் எவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய கருவியாக இருந்தாலும், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒரு மாபெரும் பாடகரின் பாட்டை அதில் கேட்கவே முடியாது. அவர் பெயர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. இசைத்தட்டுக்குப் பாட மாட்டேன் என்று மறுத்துவிட்டவர் அவர்.

ஒரு வினாடிகூடப் பதிவாகாத ஒருவரின் பாட்டு, அவர் மறைந்து தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் எப்படிப் பேசப்படுகிறது? அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

நாயனாப் பிள்ளை 1889-ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய இயற்பெயர் சுப்பிரமணிய பிள்ளை. நாயனா என்பது செல்லப்பெயர். அந்தப் பெயரே கடைசிவரை நிலைத்துவிட்டது. அவருடைய குடும்பம் இசைக் குடும்பம். தாயார் பெயர் காமாட்சி அம்மாள். தாயாரின் சகோதரி தனகோடி அம்மாள் அந்தக் காலத்தில் புகழ்பெற்ற பாடகி. எனவே நாயனாவுக்குப் பாட்டு வெளியே போய்த் தேட வேண்டிய பொருளாக இருக்கவில்லை. வீட்டிலேயே கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இசைத்தட்டுக்குப் பாட மறுத்த நாயனாப் பிள்ளையுடைய தாயாரின் சகோதரி தனகோடி அம்மாள், இசைத்தட்டு வந்த புதிதிலேயே அதற்குப் பாடியவர்!

அந்த இசைத்தட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். இந்தியாவில் முதன்முதலாக இசைத்தட்டுக்காகப் பாட்டுப் பதிவு செய்தது 1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், கல்கத்தாவில். அப்போது மைக் கிடையாது. மின்சாரத்துக்கும் அதில் வேலை இல்லை. சுவரிலிருந்து ஒரு பெரிய புனல் நீட்டிக்கொண்டிருக்கும். பாடுபவர் அந்தப் புனலின் வாயருகே முகத்தை வைத்துக்கொண்டு உரக்கப் பாட வேண்டும். குரலின் அதிர்வு புனல் வழியாகப் போய், அதன் மறுமுனையில் உள்ள மெல்லிய தகட்டை அசைக்கும். தகட்டோடு சேர்ந்த ஊசி, சுற்றிக்கொண்டிருக்கும் மெழுகுத் தட்டில் கோடு கீறும். நடுவில் இருமினாலும் தும்மினாலும் அதுவும் பதிவாகிவிடும். மறுபடி முதலிலிருந்து பாட வேண்டியதுதான்.

அந்த மெழுகுத் தட்டை வைத்து அச்சு எடுத்து, அதிலிருந்து விற்பனைக்கான தட்டுகளைச் செய்தார்கள். அவற்றை எதில் செய்தார்கள் தெரியுமா? முக்கியமாக அரக்கில்! மரக்கிளையில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி உண்டாக்கும் பிசின்தான் அரக்கு. காஞ்சிப் பட்டுப்புடவையில் அரக்கு நிறம் என்று ஒன்று உண்டல்லவா, அந்த அரக்கேதான். கீழே போட்டால் தட்டு உடைந்து சுக்குநூறாகிவிடும்.

நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 முறை சுற்றும் அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் பாட முடியும். மூன்று நிமிடம் முடிவதற்குள் பாட்டை முடித்தாக வேண்டும். இந்த மூன்று நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி நாயனாப் பிள்ளையிடம் வருவோம். அவரைப் பற்றிப் பேசும் எல்லோரும் முதலில் சொல்வது அவருடைய தாள அறிவைத்தான். தாளத்தை இசைக்காரர்கள் லயம் என்றும் சொல்வார்கள். அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர் எடுத்தார்.

தாளம் என்றால் கையைத் தட்டுவதுதானே, அதில் என்ன பெரிய கஷ்டம் என்று நினைக்கிறீர்களா? ஒரு சின்னப் பரீட்சை வைக்கிறேன். வலது கையால் தொடையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல் என்று மூன்று எண்ணுங்கள். அடுத்து ஒரு தட்டு, ஒரு வீச்சு. மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. மொத்தம் எட்டு ஆயிற்றா? இதுதான் ஆதி தாளம். இந்த எட்டு எண்ணிக்கை சேர்ந்தது ஓர் ஆவர்த்தனம்.

இப்போது தாளத்தை நிறுத்தாமல், வாயால் த-கி-ட, த-கி-ட என்று சொல்லுங்கள். ஒரு எண்ணிக்கைக்கு ஓர் எழுத்து. கை எட்டு எட்டாகப் போகும், வாய் மூன்று மூன்றாகப் போகும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். விடாமல் சொல்லிக்கொண்டே போனால், மூன்று ஆவர்த்தனம் முடிந்த இடத்தில் தகிடவும் தட்டும் கச்சிதமாக ஒன்றாக வந்து சேரும். எட்டை மூன்றால் பெருக்கினால் இருபத்துநான்கு. அதுதான் கணக்கு. பத்து தடவையாவது தவறும். தவறட்டும், மறுபடி செய்யுங்கள். சேரும் அந்த இடத்தில் மனதுக்குள் ஒரு குதூகலம் வரும் பாருங்கள், பாட்டுக் கேட்பதிலுள்ள பெரிய சந்தோஷங்களில் அது ஒன்று.

நாயனாப் பிள்ளை இதைவிடப் பல மடங்கு சிக்கலான கணக்குகளை, ராகம் குலையாமல், சபைக்கு நடுவே உட்கார்ந்து பாடியவர். முக்கியமாகப் பல்லவி பாடுவதில் அவர் சிங்கம். பல்லவி என்றால் இங்கே பாட்டின் முதல் அடி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கச்சேரியில் ராகம், தானம், பல்லவி என்று ஒரு பகுதி உண்டு. அதில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வார்கள். அந்த வரியைச் சாதாரண வேகத்தில் பாடுவார்கள், இரண்டு மடங்கு வேகத்தில் பாடுவார்கள், பாதி வேகத்திலும் பாடுவார்கள். கை போடும் தாளம் மட்டும் மாறவே கூடாது. தாளத்தில் எந்த இடத்தில் சொல் விழ வேண்டுமோ அந்த இடத்தில் விழ வேண்டும். இதைக் கேட்கும் ரசிகர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். எல்லோரும் தாளம் போட்டுக்கொண்டு, சரியாக வந்து சேருகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

சாதாரணமாகக் கச்சேரியில் பாடகருக்கு ஒரு வயலின், ஒரு மிருதங்கம் போதும். கூடவே ஒரு கஞ்சிரா அல்லது கடம் இருந்தால் சிறப்பு. நாயனாப் பிள்ளைக்கு அது போதாது. வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், இவற்றோடு கொன்னக்கோல் என்று மேடை நிறைய ஆட்கள் இருப்பார்கள். கொன்னக்கோல் என்பது கருவி இல்லை. மிருதங்கத்தில் வாசிக்கும் சொற்களை வாயாலேயே சொல்வது அது. நீங்கள் இப்போது தகிட சொன்னீர்களே, அதன் பெரியண்ணன்.

இப்படிப்பட்ட கச்சேரிக்கு அந்தக் காலத்தில் ஃபுல் பெஞ்ச் கச்சேரி என்று பெயர். ஹைகோர்ட்டில் முக்கியமான வழக்கு வந்தால் பல நீதிபதிகள் சேர்ந்து உட்கார்ந்து விசாரிப்பார்கள். அதை ஃபுல் பெஞ்ச் என்பார்கள். அந்தப் பெயரைத்தான் ரசிகர்கள் இதற்கும் வைத்துவிட்டார்கள். பொருத்தமான பெயர்தான். பாடகர் தாளத்தில் இம்மி பிசகினாலும் கண்டுபிடிக்க மேடையிலேயே ஆறேழு நீதிபதிகள் இருக்கிறார்களே! கஞ்சிராவில் ஒப்பில்லாதவர் என்று புகழப்பட்ட புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை போன்ற மேதைகள் அவருக்கு வாசித்தார்கள். அவர்கள் நடுவே உட்கார்ந்து தலைநிமிர்ந்து பாடுவது என்றால் எத்தனை துணிச்சல் வேண்டும்!

அவர் பாடியது வெறும் கணக்கு என்று எண்ணிவிடக் கூடாது. தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனைகளை ஏராளமாகக் கற்று வைத்திருந்தார். மற்றவர்கள் பாடாத அபூர்வமான கீர்த்தனைகளைத் தேடித் தேடிப் பாடம் செய்தார். அருணகிரிநாதரின் திருப்புகழையும் கச்சேரிகளில் பாடினார். திருப்புகழ் என்றாலே சந்தம். எதுகையும் மோனையும் துள்ளித் துள்ளி ஓடும். தாளத்தில் புலியான ஒருவர் கையில் திருப்புகழ் கிடைத்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

காஞ்சிபுரத்தில் ஆண்டுதோறும் தியாகராஜர் உற்சவத்தையும் அவர் நடத்தி வந்தார். நாள் கணக்கில் கச்சேரிகள் நடக்கும். ரசிகர்கள் கூடுவார்கள். பெரிய சபாக்கள் எல்லாம் சென்னையில்தான் என்று ஆகிக்கொண்டிருந்த காலம் அது. அப்போதும் காஞ்சிபுரத்துக்கு இசையில் ஒரு தனி மதிப்பு இருந்ததற்கு நாயனாப் பிள்ளை ஒரு முக்கிய காரணம்.

சரி, இப்படிப்பட்டவர் ஏன் இசைத்தட்டுக்குப் பாடவில்லை? நீங்களே யோசித்துப் பாருங்கள். மேடையில் அவருடைய பல்லவி விரிய வேண்டும் என்றால் நேரம் வேண்டும். மூன்று நிமிடத்தில் என்ன பாடுவது? ராகத்தைத் தொடங்குவதற்குள்ளேயே தட்டு முடிந்துவிடும். புனல் வழியாகப் பதிவு செய்த காலத்தில் மிருதங்கம் போன்றவற்றின் தாழ்ந்த ஒலி சரியாகப் பதிவாகவும் ஆகாது. 1925 வாக்கில் மைக் வைத்துப் பதியும் முறை வந்து, ஒலி தெளிவானது. ஆனால் நேரம் மட்டும் நீளவில்லை. காஞ்சிப் பட்டுப்புடவை ஒன்றை நெய்து முடித்தவரிடம் போய், இதில் ஒரு சாண் துணியை மட்டும் வெட்டிக் கொடுங்கள், ஊருக்கெல்லாம் காட்டுகிறோம் என்று கேட்டால் அவர் சம்மதிப்பாரா?

இருந்தாலும் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. அவரைவிட ஒரு வயது இளையவரான அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் இசைத்தட்டுகளுக்குப் பாடினார். எனவே அவர் குரலை இன்றும் கேட்கிறோம். நாயனாப் பிள்ளையும் ஒரே ஒரு தட்டுக்காவது, போனால் போகிறது என்று பாடியிருக்கக் கூடாதா?

இந்தக் கால டிஜிட்டல் கருவிகள் அவர் காலத்தில் இருந்திருந்தால் முழுக் கச்சேரியையும் அப்படியே பிடித்திருக்கலாம். டிஜிட்டல் என்றால் என்ன என்று காஞ்சிபுரத்துக் குழந்தைகளுக்குச் சொல்வது சுலபம். தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகச் சுற்றி வரும். ஓட்டை இருக்கும் இடத்தில் பாவு இழை மேலே எழும், ஓட்டை இல்லாத இடத்தில் எழாது. ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை என்ற இரண்டே செய்தியை வைத்துக்கொண்டு மயிலும் அன்னமும் மாங்காயும் புடவைக் கரையில் வந்துவிடுகின்றன. டிஜிட்டல் பதிவும் ஏறக்குறைய இப்படித்தான். ஒலியின் ஏற்ற இறக்கத்தை அளந்து, ஒன்று, சுழி என்ற இரண்டே எண்களால் எழுதி வைத்துக்கொள்கிறது. 1982-இல் விற்பனைக்கு வந்த சி.டி.யில் ஒரு வினாடி ஒலியை 44,100 முறை அளந்து எழுதுகிறார்கள். இப்போதைய உயர்தரப் பதிவுகளில் வினாடிக்கு 96,000, ஏன் 1,92,000 முறைகூட அளக்கிறார்கள். ஒரு சி.டி.யில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாட்டு அடங்கும். செல்போனில் பல நூறு மணி நேரம் அடங்கும். ஆனால் எந்தக் கருவியும் தன்னிடம் பதிந்ததைத்தானே திருப்பிக் கொடுக்கும்? நெய்யாத புடவையை மடித்து வைக்க முடியுமா?

நாயனாப் பிள்ளையின் பாட்டைப் பதிந்த கருவிகள் வேறு. அவை காதுகள்! அதிலும் சில சின்னஞ்சிறு காதுகள்.

அப்போது காஞ்சிபுரத்தில் ஒரு சிறுமி இருந்தாள். 1919-இல் பிறந்தவள். எட்டு வயதில், நாயனாப் பிள்ளை நடத்திய போட்டி ஒன்றில் பைரவி ராகத்தில் ஒரு தியாகராஜர் கீர்த்தனையைப் பாடிப் பரிசு வாங்கினாள். நாயனாப் பிள்ளையின் கச்சேரி என்றால் தம்பிகளையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவாள். கையில் செல்போனா, டேப் ரிக்கார்டரா, எதுவும் கிடையாது. அவர் அபூர்வமான கீர்த்தனை ஒன்றைப் பாடுவார். திரும்பக் கேட்க முடியாது. என்ன செய்வது? குழந்தைகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாட்டின் முதல் பகுதியை அக்காள் கவனித்து மனதில் வாங்கி எழுதிக்கொள்வாள், பின் பகுதியைத் தம்பிகள் எழுதிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்ததும் துண்டுகளை ஒன்றாகச் சேர்ப்பார்கள். கேட்ட சங்கதிகளை மறப்பதற்குள் பாடிப் பாடிப் பார்ப்பார்கள். முழுப் பாட்டும் கிடைத்துவிடும்!

அந்தச் சிறுமிதான் டி.கே.பட்டம்மாள். நாயனாப் பிள்ளையிடம் முறையாகப் பாடம் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் அவரையே மானசீக குருவாக வைத்துக்கொண்டார். பெண்கள் ராகம் தானம் பல்லவி பாடுவது வழக்கமில்லாத அந்தக் காலத்தில், சிக்கலான பல்லவிகளை மேடையில் பாடி, பல்லவி பட்டம்மாள் என்றே பெயர் வாங்கினார். 1970-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டமும் பெற்றார்.

நேரிலேயே பாடம் கேட்டவர்களும் உண்டு. வீணை தனம்மாள் என்ற மேதையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் சிறுவயதில் காஞ்சிபுரத்துக்கு வந்து நாயனாப் பிள்ளையிடம் கற்றுக்கொண்டார்கள். தனம்மாள் வீட்டிலேயே இசைக்கு என்ன குறை? அப்படி இருந்தும் பேத்திகள் இவரிடம் பாடம் கேட்டார்கள் என்றால் இவருடைய மதிப்பைப் புரிந்துகொள்ளலாம். பிருந்தா பிற்காலத்தில் அமெரிக்காவில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பாடம் நடத்தினார். காஞ்சிபுரத்தில் கேட்ட இசை கடல் தாண்டிப் போனது.

இன்னொரு சீடர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. குருவுக்கும் சீடருக்கும் ஒரே பெயர்! குருவின் தாளக் கட்டையும் பல்லவி பாடும் முறையையும் அப்படியே வாங்கிக்கொண்டவர் என்று இவரைச் சொல்வார்கள். 1954-இல் இவரும் சங்கீத கலாநிதி ஆனார்.

நாயனாப் பிள்ளை 1934-ஆம் ஆண்டு மறைந்தார். அப்போது அவருக்கு 45 வயதுகூட நிரம்பவில்லை. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் எல்.பி. இசைத்தட்டு 1948-இல்தான் வந்தது. பதினான்கு ஆண்டுகள் தாமதம். அவர் இருந்து, அதைப் பார்த்திருந்தால், ஒருவேளை மனம் மாறியிருப்பாரோ என்னவோ!

அவருடைய சீடர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளைக்கும் ஒரு சீடர் இருந்தார் என்று சொல்ல மறந்துவிட்டேன். அவர் மதுரை சோமு. இந்தப் பெயரை உங்கள் தாத்தா பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். 1972-இல் வந்த தெய்வம் என்ற திரைப்படத்தில் மருதமலை முருகனைப் பற்றி ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். படத்திலும் அவரே தோன்றிப் பாடுவார். அந்தப் பாட்டுப் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. முருகன் கோயில் திருவிழாக்களில் நீங்களும் நிச்சயம் கேட்டிருப்பீர்கள்.

நாயனாப் பிள்ளைக்கு அவர் பேரச் சீடர். அந்தப் பாட்டு எல்லா செல்போனிலும் கிடைக்கும். இன்று மாலை வீட்டுப்பாடம் முடிந்ததும் தாத்தா பாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தொடையில் தாளம் போட்டபடி ஒருமுறை கேளுங்கள்.